பழைய துப்பாக்கி, புதிய விளையாட்டு

வரலாற்றுப் பாடத்தில் 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியைப் படிக்கும்போது, என்ஃபீல்டு துப்பாக்கியையும் கொழுப்புத் தடவிய தோட்டாவையும் நாம் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். தோட்டாவை ஏன் பல்லால் கடிக்க வேண்டும்? கொழுப்பு எதற்கு? தேர்வுக்கு இவை வேண்டியதில்லைதான். ஆனால் அதே துப்பாக்கியை அச்சு மாறாமல் புதிதாகச் செய்து, காகித இலக்கை நோக்கிச் சுட்டு விளையாடுவோர் இன்றும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய விளையாட்டைத் தெரிந்துகொண்டால் நம் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

இத்துப்பாக்கிகளுக்கு மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். மருந்து என்பது கருமருந்து. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்தது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனை அது கொடுக்கிறது. நம் நாட்டுப் பீகார் மண்ணிலிருந்து எடுத்த வெடியுப்பைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்றது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

குழலின் உட்புறம் திருகுபோல வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு குண்டு பம்பரமாய்ச் சுழன்று வெளியேறுவதால் நேராகப் போகிறது. இங்கேதான் ஒரு சிக்கல். வரியைப் பற்ற வேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். வாய் வழியே எளிதாக உள்ளே இறங்க வேண்டுமானால் தளர்வாக இருக்க வேண்டும்! பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே 1849-இல் இதற்கு வழி கண்டார். ஈயக் குண்டின் அடிப்பக்கத்தைக் குழிவாக்கினார். தளர்வாக உள்ளே இறங்கும் குண்டு, மருந்து வெடித்ததும் அடிப்பக்கம் விரிந்து வரிகளைக் கவ்விக்கொள்ளும். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியும் இவ்வகைக் குண்டுக்காகவே செய்யப்பட்டது.

ஒரு வேட்டுக்கு வேண்டிய சுமார் நாலரை கிராம் மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டி வைத்தார்கள். ஒரு கை துப்பாக்கியையும் மறு கை தோட்டாவையும் பிடித்திருப்பதால், காகித நுனியைப் பல்லால் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். உள்ளே படியும் கரிக்கசடு இளகவும், குண்டு வழுக்கி இறங்கவும் கொழுப்புத் தடவினார்கள். அது பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற ஐயமே இந்துச் சிப்பாய்களையும் முஸ்லிம் சிப்பாய்களையும் கொதித்தெழச் செய்த காரணங்களில் ஒன்று. இன்று விளையாடுவோர் பெரும்பாலும் தேன்மெழுகு கலந்த பூச்சையே தடவுகிறார்கள். அன்றே இதைச் செய்திருக்கலாமே என்று எங்கள் வகுப்பில் பலரும் கேட்டோம்.

பழைய துப்பாக்கி இருக்க, புதிய நகல் எதற்கு? நூறாண்டு கடந்த இரும்பை நம்ப முடியாது. அசலுக்கு விலையும் அதிகம். இத்தாலியின் வால் திரோம்பியா பள்ளத்தாக்கிலுள்ள கார்தோனே என்னும் ஊர் இந்த நகல்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே 1526-இலேயே பெரெத்தா குடும்பத்தார் வெனிஸ் நகருக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்றதற்கு ஆவணம் உண்டு. 1957-இல் அவ்வூரில் தொடங்கிய பெதர்சோலி நிறுவனம் இன்று சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கியையும் செய்கிறது. தீபாவளிப் பொட்டு வெடி போன்ற சிறு செம்பு மூடியால் வெடிக்கும் வகையையும் செய்கிறது. இந்த இரண்டாவது முறைக்கு வித்திட்டவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். காப்புரிமை பெற்றது 1807-இல். சக்கிமுக்கிப் பொறியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுவதைப் பொறுக்காமல்தான் அவர் இதில் இறங்கினாராம்!

அமெரிக்காவில் 1933-இல் இதற்கெனத் தேசியச் சங்கம் ஏற்பட்டது. இந்தியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரில் அதன் திடல் இருக்கிறது. உலக அளவிலான அமைப்பு 1971-இல் தோன்றியது. அதன் போட்டிகளில் 30 நிமிடங்களுக்குள் 13 முறை சுடலாம். சிறந்த 10 மட்டும் கணக்கில் வரும். அசலுக்கும் நகலுக்கும் தனித்தனிப் பிரிவுகள். 50 மீட்டரில் திரிபோட்டுச் சுடும் போட்டிக்குத் தனேகஷிமா என்று பெயர். 1543-இல் போர்த்துக்கீசியர் மூலம் ஜப்பானுக்குத் துப்பாக்கி வந்து சேர்ந்த தீவு அது. 100 மீட்டரில் படுத்துச் சுடும் வால்கிரி என்ற போட்டி பெண்களுக்கென்றே உள்ளது. பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: 1860 ஜூலை 2-ஆம் நாள் விம்பிள்டனில் இங்கிலாந்துத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதல் போட்டியில் முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியின் கயிற்றை அவர் இழுக்க, 400 கெஜத் தொலைவில் இலக்கின் நடுவருகே குண்டு பாய்ந்தது.

மனிதரைக் கொல்லச் செய்த கருவியை வைத்து விளையாடுவது தகுமா என்று எங்களுள் சிலர் வாதிட்டார்கள். ஈட்டி எறிதலும் வில்வித்தையும் அப்படி வந்தவைதாமே என்றார்கள் மற்றவர்கள். வாதம் இன்னும் முடியவில்லை. ஒன்று மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டோம்: இது அவசரக்காரர்களுக்கு உரியதன்று. சுட்ட குழலுக்குள் கங்கு ஒளிந்திருக்கலாம். ஆகவே மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது. ஒவ்வொரு வேட்டுக்கும் அளந்து தனித்தனிக் குப்பிகளில் வைத்திருந்ததையே கொட்ட வேண்டும். போட்ட மருந்தை மறந்து மீண்டும் போட்டால் குழலே வெடிக்கலாம். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையென்றால், உடனே எட்டிப் பார்க்கக் கூடாது. குழலை இலக்குப் பக்கமே நீட்டிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும், சில நொடிகள் கழித்தும் வெடிக்கும்.

கடைசியாகப் பாத்திரம் கழுவும் வேலை உண்டு. கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திண்மப் பொருளாகவே எஞ்சுகிறது. அதனால்தான் அவ்வளவு வெண்புகை. குழலில் ஒட்டும் உப்புகள் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். அவை நீரில் கரையக்கூடியவை. ஆகவே அன்றைய சிப்பாயைப் போலவே இன்றைய விளையாட்டு வீரரும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் பூசிய பிறகே துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கிறார்.