இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஜோடி தேடுறீங்களா?

மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் இல்லாத வீடு இப்போது குறைவு. "பழைய பேட்டரி இன்னும் ஓடுதே, அதோட புதுசு ஒண்ணைச் சேர்த்துவிட்டால் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடுமே" என்று கணக்குப் போடாத வீடும் குறைவுதான். அந்தக் கணக்கில் எங்கே காசு மிச்சம், எங்கே நஷ்டம் என்று பார்த்துவிடலாம், வாங்க.

1. இரண்டு பேட்டரி வாங்குவதாக இருந்தால் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஏ.எச். என்று ஜோடியாக வாங்குங்கள். மேலே பொறித்திருக்கும் தயாரிப்பு மாதத்தையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒன்று போன மாதத்துச் சரக்கும் மற்றது போன வருஷத்துச் சரக்குமாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

2. 24 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரியும் சீரீஸில் இருக்கும், அதாவது இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட். அங்கே பழசையும் புதுசையும் சேர்ப்பது, கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டின கதை. பழசு முதலில் காலியாகும், காலியான பிறகும் அதை இன்வெர்ட்டர் விடாது. சார்ஜ் ஏறும்போதோ பழசு சீக்கிரம் நிரம்பிக் கொதிக்க ஆரம்பிக்கும், புதுசு முக்கால் வயிற்றோடு நிற்கும்.

3. சீரீஸில் 100 ஏ.எச்.சும் 150 ஏ.எச்.சும் போட்டால் கையில் கிடைப்பது 100 தான். மீதி 50க்குக் கொடுத்த பணம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

4. 12 வோல்ட் இன்வெர்ட்டரில் இரண்டு பேட்டரி என்றால் பேரலல். இங்கே ஏ.எச். வித்தியாசம் ஓரளவு தாங்கும், ஆனால் பழசின் வியாதி புதுசுக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், பழசில் ஒரு செல் ஷார்ட் ஆனால் அது பத்தரை வோல்ட் பக்கம் இறங்கிவிடும், பக்கத்தில் இருக்கும் நல்ல பேட்டரி விடிய விடிய அதற்குள் கரண்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டையும் வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள்: ஒன்று மட்டும் சூடாக இருந்தால் சார்ஜை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பிரித்துவிடுங்கள்.

5. ஒரே மாதிரி பேட்டரியாகவே இருந்தாலும் பேரலலில் சேர்க்கும் முன் தனித்தனியாக முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டும் 12.7 பக்கம் நிற்க வேண்டும், 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் சேர்க்க வேண்டாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், பல ஆயிரம் ரூபாய் பேட்டரியைக் காப்பாற்றும்.

6. தண்ணீர் ஊற்றும் டியூபுலரையும், மூடி திறக்கவே முடியாத எஸ்.எம்.எஃப்.ஐயும் ஒன்றாகக் கட்டாதீர்கள். டியூபுலர் முழுசாக நிரம்பச் சற்றுக் கூடுதல் வோல்ட் கேட்கும். அந்த வோல்ட்டில் எஸ்.எம்.எஃப். உள்ளுக்குள் காயும், காய்ந்தால் திரும்ப ஊற்ற வழியில்லை. இன்வெர்ட்டரின் பின்பக்கம் பேட்டரி வகைக்கென்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பேட்டரி மாற்றிய கையோடு அதையும் மாற்றச் சொல்லுங்கள். பாதி வீடுகளில் அந்த ஸ்விட்சைத் தேடிப் பார்த்தவர்களே கிடையாது!

7. இப்போது எல்லோரும் கேட்பது: "டியூபுலர் இருக்கு, கூட ஒரு லித்தியம் போடலாமா?" நேரடியாகப் போடவே கூடாது. வீட்டுக்கு வரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும், டியூபுலர் 12.7. அதனால் சார்ஜும் ஏறாமல், சுமையும் இல்லாமல் சும்மா நிற்கும் நேரத்திலும் லித்தியம் டியூபுலருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். மின்தடை வந்தால் சுமையைக் கிட்டத்தட்ட முழுசாக லித்தியமே தூக்கும், டியூபுலர் வேடிக்கை பார்க்கும். கடைசியில் லித்தியத்துக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல்காரர் பட்டென்று கதவைச் சாத்துவார், மொத்தச் சுமையும் ஒரே நொடியில் டியூபுலர் தலையில் விழும். இரண்டு விலை கொடுத்து ஒரு பேட்டரி வேலைதான் நடக்கும்.

8. இரண்டு வகையும் கையில் இருந்தால் தனிக்குடித்தனம் வையுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய டியூபுலரை ஒரு 12 வோல்ட் சோலார் பேனல், சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு ஃபியூஸ் சேர்த்து மொட்டைமாடி விளக்குக்கும் வைஃபை பெட்டிக்கும் விட்டுவிடலாம். வைஃபை அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற கன்வெர்ட்டர் போட்டால் போதும்.

9. காரிலிருந்து கழற்றிய பேட்டரியை இன்வெர்ட்டர் பேட்டரியோடு கோப்பதும் வேண்டாம். அது இன்ஜினைக் கிளப்ப ஒரு சில நொடி பலத்த கரண்ட் கொடுக்கச் செய்த மெல்லிய தகடு. மணிக்கணக்கில் வடித்தால் சீக்கிரம் படுத்துவிடும்.

10. வேனைக் கேரவனாக மாற்றி ஊர் சுற்றும் நண்பர்களுக்கும் இதே சட்டம்தான். இன்ஜின் பேட்டரி தனி, உள்ளே ஃபேன், ஃபிரிட்ஜ் ஓட்டும் பேட்டரி தனி, நடுவில் டி.சி. டு டி.சி. சார்ஜர் ஒன்று போட்டால் ஓடும்போது இரண்டுக்கும் அதனதன் வோல்ட் போய்ச் சேரும். ராத்திரி முழுக்க உள்ளே பாட்டுக் கேட்டாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

11. சரி, இன்னொரு பேட்டரி உண்மையிலேயே வேண்டுமா? பழைய சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம்தான். 150 ஏ.எச். பேட்டரியில் காகிதக் கணக்கு 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பது, அடியில் விட்டுவைப்பது எல்லாம் போகக் கைக்கு 1,100 என்று வையுங்கள். மூன்று பழைய ஃபேன் ஐந்து மணி நேரம் ஓடும், அதே மூன்று பி.எல்.டி.சி. என்றால் பத்து மணி நேரம் தாண்டும். பேட்டரிக்கு எடுத்துவைத்த பணத்தில் ஃபேனை மாற்றுங்கள், மற்ற நாளில் கரண்ட் பில்லும் இறங்கும்.

12. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள்தான் பேட்டரிக்குப் பரீட்சை நாள். 24 வோல்ட் இன்வெர்ட்டரின் மீட்டர் இரண்டு பேட்டரியின் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும், எது சாகிறது என்று சொல்லாது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பேட்டரியிலும் தனியாக மல்டிமீட்டர் வையுங்கள், ஒன்று 12.3, மற்றது 11.6 என்று வந்தால் குற்றவாளி கிடைத்தாச்சு.

13. டியூபுலர் என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். முழு சார்ஜில் ஐந்து செல் 1240 பக்கம் நிற்க, ஒன்று மட்டும் 1180க்கு இறங்கினால் அந்தச் செல் போகப்போகிறது. வாரண்டி முடிய இன்னும் மாதம் இருக்கிறதா என்று அன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

14. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் ஊற்றாதீர்கள்: ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர், ஆசிட் எதுவும் ஆகாது. தகடு தெரிகிற அளவு குறைந்திருந்தால் ஒழிய, சார்ஜ் முழுசாக ஏறிய பிறகு ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் கொதித்து வழிந்து டைல்ஸையும் அரிக்கும்.

15. பேரலலில் இன்வெர்ட்டருக்குப் போகும் பிளஸ் வயரை முதல் பேட்டரியிலிருந்தும், மைனஸ் வயரை இரண்டாவதிலிருந்தும் குறுக்காக எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியில் மாட்டினால் பக்கத்தில் இருப்பதே அதிகம் உழைக்கும். காசு செலவே இல்லாத வேலை இது.

16. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். முதலில் மைனஸைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷை நனைத்துத் தேயுங்கள். சோடா தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. துடைத்து, மாட்டி, மேலே வாசலின் தடவினால் மறுபடி பூக்க நாளாகும்.

17. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அதனால் பேட்டரிக்குப் பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, கேஸ் சிலிண்டர் வேண்டாம். இடம் மிச்சம் என்று பூஜை அலமாரிக்குக் கீழே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நகர்த்துங்கள்.

18. சின்ன பேட்டரிக்கும் இதே கதை. டார்ச்சில் ஒரு பழைய செல், ஒரு புது செல், அல்லது ஒரு அல்கலைன், ஒரு ரீசார்ஜபிள் என்று போட்டால் பலவீனமானது ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்னும். அல்கலைன் ஒழுகிய இடத்தை எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைக்கலாம். பொம்மைக் காரில் ஓடி ஓய்ந்த செல்லைத் தூக்கிப் போடாமல் சுவர்க் கடிகாரத்தில் ஒற்றையாகப் போட்டுப் பாருங்கள், பல நாள் ஓடும்.

19. ஓய்ந்த இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளாதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகிற இடத்துக்குப் போகும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்தி முடிந்ததைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதுசு வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்ச் விலையை முன்னாலேயே கேளுங்கள், இரண்டு கடை ஏறி இறங்கினால் விலை கூடும்.