வெள்ளமும் வெள்ளத்தில் நின்றவரும்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. “ப்ளூஸும் ராக்கும் எனக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. ராக் என்பது சத்தத்தைக் கூட்டி வைத்த ப்ளூஸ்தானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல நம் ஊர்க் கோயில் கொடைவிழா வரைக்கும் ஒருநடை போய்வர வேண்டும்.

ப்ளூஸ், அமெரிக்காவின் தெற்கே பருத்திக்காட்டில் பாடுபட்ட கறுப்பின மக்களின் பாட்டு. அதன் கட்டு மிக எளிது. நான்கு நான்கு தட்டாகப் பன்னிரண்டு கூறு. 48 தட்டில் ஒரு சுற்று முடியும். முதல் அடியைப் பாடுவார், அதையே மறுபடி பாடுவார், மூன்றாம் அடியில் சங்கதியைப் போட்டு உடைப்பார். ஒவ்வோர் அடியும் தனக்குரிய இடத்தில் பாதியிலேயே நின்றுவிடும். மிச்ச இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்த, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறாரே, அந்த இடம்தான் அது.

அடுத்தது காந்தாரம். ஆர்மோனியத்தில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே கட்டை கிடையாது. ப்ளூஸ் பாடகர் போய் நிற்பது பெரும்பாலும் அந்த நடுவில்தான். கிட்டார்க்காரர் தந்தியை விரலால் இழுத்து வளைத்து அங்கே போய்ச் சேருகிறார். காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரத்தில் விரலாலும் மூச்சாலும் ஸ்வரத்தை வழுக்கி நெளியவிட்டதைக் கேட்ட காதுக்கு இந்த வழி பழகியதே. அவருக்கு ராகத்தின் இலக்கணம் உண்டு, ப்ளூஸ்காரருக்கு அது கிடையாது; ஆனால் ஸ்வரம் ஓரிடத்தில் கட்டிப்போட்ட மாடு அல்ல என்பது இருவருக்கும் தெரியும். ப்ளூஸின் நடையும் தள்ளாடும். ஒரு தட்டை ‘தகிட’ என்று மூன்றாக்கி, முதலையும் கடைசியையும் மட்டும் அடிப்பார்கள். தவில்காரரிடம் கேட்டால் திஸ்ரம் என்பார்.

1960களில் இங்கிலாந்துப் பையன்கள் ப்ளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கிட்டார் பழகினார்கள். ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்ற குழுவின் பெயரே ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த பாட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் இவர்கள் கையில் மின்சாரக் கிட்டாரும், ஒலி கரகரக்கும் அளவுக்கு முறுக்கிவிட்ட ஆம்ப்ளிஃபயரும் இருந்தன. அந்தக் கரகரப்பில் ச, க, ப மூன்றையும் சேர்த்து மீட்டினால் கலங்கிப்போகும். அதனால் காந்தாரத்தை எடுத்துவிட்டுச் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வைத்துக்கொண்டார்கள், நம் சுருதிப்பெட்டி மாதிரி. ப்ளூஸ் எந்த ஸ்வரத்தில் தவித்து நின்றதோ, அந்த இடமே காலியாகிவிட்டது. பாடகரின் குரலிலும் தனிக் கிட்டார் வாசிப்பிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும், அடித்தளத்தில் இராது. நடை பெரும்பாலும் சதுஸ்ரத்துக்கு நிமிர்ந்தது. இரண்டாம், நான்காம் தட்டுகளில் ட்ரம் ஓங்கி விழுந்தது. பதில் சொல்லிக்கொண்டிருந்த கிட்டார், ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பாட்டையே தாங்கத் தொடங்கியது. அதுதான் ராக்.

உங்கள் ஊர்க்காரருக்குச் சட்டென விளங்கும் உதாரணம் ஒன்று உண்டு. 1927இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை மூழ்கடித்தது. அதைப் பற்றி கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். இரண்டு கிட்டார், ஒரு குரல். அந்தக் கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும், அதற்குள் முடிந்துவிடும். 1971இல் லெட் செப்பெலின் குழு அதே பாட்டை எடுத்து ஏழு நிமிடமாக்கியது. ஜான் போனமின் ட்ரம்மை ஒரு பழைய பெரிய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டுப் பதிந்தார்கள். சுவர்களில் முட்டித் திரும்பும் அந்த அடிதான் பாட்டின் முதுகெலும்பு.

இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். 1929 பதிவு, வீட்டை இழந்த ஒரு மனிதர் பதற்றம் காட்டாமல், பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல இருக்கும். 1971 பதிவில் அந்த மனிதர் தூரத்தில் கத்துகிறார், கேட்பது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி உங்கள் ஊருக்குள் வந்ததே, அந்த இரவின் இரைச்சலும், அடுத்த வாரம் சேற்றை வாரிக்கொண்டே ஆச்சி சொன்ன கதையும் ஒன்றா? ஆறு ஒன்றுதான்.

நம் கொடையிலும் இரண்டும் உண்டு, தம்பி. வில்லுப்பாட்டில் கதை ஓடும்வரை ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும். சாமி வரும் நேரத்தில் சொல்லை யார் தேடுகிறார்கள்? மேளம் போதும். அங்கே நின்று எது உசத்தி என்று நாம் கேட்பதில்லை.

1929ஆம் ஆண்டுப் பாட்டைச் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். மற்றதை அப்படிக் கேட்டால் பாதிகூடக் கிடைக்காது. உங்கள் கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
பாளையங்கோட்டை