சப்பாத்திக்கள்ளிப் பழமா? சிவப்பைக் காப்பாற்றுங்கள்!

திருமயம், அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கம் ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகள் வாயெல்லாம் சிவக்கச் சிவக்கத் தின்றுவிட்டு வரும் பழம். இப்போது அதன் சாறு பாட்டிலில் அடைத்து விலைக்கு வருகிறது. வேலியோரத்தில் கிடைப்பதை வீட்டிலேயே பிழிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக:

1. முழுக்க ஊதாச் சிவப்பாகப் பழுத்ததை மட்டும் இடுக்கியால் முறுக்கிப் பறிக்கவும். பெரிய முள் கண்ணுக்குத் தெரியும். அதன் அடியில் இருக்கும் சுணைதான் ஆளைப் படுத்தும்.

2. சுணை போக, பழத்தை மணலில் உருட்டிச் சாக்கில் தேய்க்கலாம். அடுப்புத் தீயில் சுற்றிலும் வாட்டினால் இன்னும் சுத்தம். பிறகு கழுவி, கீறி, தோலை உரிக்கவும். நடுவில் நட்சத்திரம் போல முள் இருக்கும் என்பார்கள் பெரியவர்கள். பிளந்து பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டே பிள்ளைகளிடம் கொடுக்கவும்.

3. கையில் சுணை ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சவும் வேண்டாம். செல்லோடேப்பை ஒட்டி, சட்டென்று உரித்தால் ஓரளவு வந்துவிடும்.

4. பழத்தின் சிவப்புக்குக் காரணம் பீட்டாலைன். பீட்ரூட்டில் இருக்கும் அதே வகை நிறமி. உடம்பில் உருவாகும் தீங்கான ஆக்சிஜன் கூறுகளைத் தணிக்கக்கூடியது. கூடவே வைட்டமின் சி-யும் உண்டு. 2004-ல் இத்தாலியின் பலெர்மோவில் ஆரோக்கியமான 18 பேருக்கு இதன் பெரிய ரகப் பழச்சதையை 250 கிராம் வீதம் தினம் இருவேளை, இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனேற்றப் பாதிப்பின் அடையாளங்கள் குறைந்தன. வெறும் வைட்டமின் சி கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. நல்ல செய்திதான். ஆனால் 18 பேர் ஆய்வை வைத்துக்கொண்டு புற்றுநோய் தீரும், குழந்தை பிறக்கும் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

5. நிறம் வெளுத்தால் பீட்டாலைனும் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் சாற்றைக் கொதிக்க வைக்காதீர்கள். அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு நிற்கும். சமையல் சோடா பட்டால் மஞ்சளாகிவிடும். செம்பு, இரும்புப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். மூடி, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் குடித்துவிடவும்.

6. விதை கல் மாதிரி இருக்கும். வடிகட்டிவிடுங்கள். நிறைய விழுங்கினால் மலம் கட்டும்.

7. சாறு குடித்த பின் சிலருக்குச் சிறுநீர் சிவக்கலாம். பீட்ரூட் தின்றாலும் சிலருக்கு அப்படித்தான். சிவப்பாக இருப்பதாலேயே ரத்தம் ஊறிவிடாது. சோகைக்கு மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

8. சிறுநீரகக் கல் உள்ளவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.

9. செடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால், அது சாயப்பூச்சி. நசுக்கினால் கருஞ்சிவப்பாக ஒழுகும். மண்டிக் கிடந்த கள்ளியை அழிக்கவே 1926-ல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்ட பூச்சி இது. உங்கள் வேலியில் தென்பட்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதிகம் பிடித்த மடலை வெட்டிப் புதைத்துவிடுவது நல்லது.