சுட்டமண் கிரில் அடுப்புக்கு எந்தக் கரி ஏற்றது?

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது உழவர் பலருக்கும் துணைத் தொழிலாக உள்ளது. இக்கரி தேநீர்க் கடைக்கும் சலவைப் பெட்டிக்கும் தந்தூரி அடுப்புக்கும் போகிறது. மூடியுள்ள சுட்டமண் கிரில் அடுப்பு வைத்திருப்போரும் கரி கேட்டு வருகின்றனர். இவர்களுக்கு மரத்தின் உருவம் மாறாத கட்டைக்கரியைக் கொடுப்பதா, கரித்தூளைப் பசையிட்டு அச்சில் அழுத்திய அச்சுக்கரியைக் கொடுப்பதா? விற்பவருக்கு இது தெரிந்திருந்தால்தான் சரக்கு திரும்பி வராது.

அடுப்பின் அமைப்பு

இவ்வடுப்பு ஜப்பானியரின் கமாடோ அடுப்பு வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் இதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். முட்டை வடிவில், தடித்த மண் சுவருடன் இருக்கும். கீழே ஒரு காற்று வழி, மூடியின் உச்சியில் மற்றொன்று. இவ்விரண்டையும் திறந்தும் குறைத்தும் அனல் அளவு சரிசெய்யப்படுகிறது. சூடேறிய சுவர் வெப்பத்தை இழக்காமல் வைத்திருப்பதால், சிறிதளவு காற்றிலேயே சிறிதளவு கரி நெடுநேரம் எரிகிறது.

இதில்தான் சாம்பலின் தொல்லை வருகிறது. திறந்த அடுப்பில் சாம்பல் ஒருபுறம் கிடந்தாலும் காற்று நாற்புறமும் வரும். மூடிய அடுப்பிலோ காற்று கரித்தட்டின் சிறு துளைகள் வழியாகவே மேலேற வேண்டும். சாம்பல் அத்துளைகளை அடைத்துவிட்டால் சமையல் நடுவிலேயே அனல் தணிந்துவிடும்.

நன்கு வெந்த கட்டைக்கரியில் 100 கிலோவுக்கு 3 முதல் 5 கிலோ சாம்பலே மிஞ்சும். மண் கலந்த தூளில் செய்த அச்சுக்கரியில் 20 கிலோ வரையிலும் மிஞ்சக்கூடும். 2 கிலோ கரி இட்டால் முன்னதில் 100 கிராமுக்கு மேற்படாது. பின்னதில் 400 கிராம் வரை சேரும். ஆகவே இவ்வடுப்புக்குக் கட்டைக்கரியே ஏற்றது. இன்னொரு வசதியும் உண்டு. சமையல் முடிந்ததும் இரு வழிகளையும் அடைத்தால் நெருப்பு அணைந்துவிடும். மீந்த கரியைத் தட்டிச் சாம்பலை உதிர்த்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அச்சுக்கரி மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் திறந்த இரும்பு அடுப்பில் சீராக எரியும். மாவுப் பசை மட்டும் சேர்த்துச் செய்த தேங்காய்ச் சிரட்டை அச்சுக்கரியில் சாம்பல் குறைவு. அதைச் சுட்டமண் அடுப்பிலும் இடலாம். சோளக்கதிர் வாட்டுவதற்கு எந்தக் கரியானால் என்ன!

சோதித்துப் பார்க்கும் முறை

நல்ல கட்டைக்கரியை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உடைத்த இடம் கறுத்துப் பளபளக்கும். பழுப்பு நிறம் தெரிந்தால் விறகு முழுதும் வேகவில்லை; அது புகையும், உணவில் வாடையேறும். சாம்பல் அளவை அறிய, உலர்ந்த கரியில் 100 கிராம் நிறுத்து, தகரத் தட்டில் முற்றிலும் எரித்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்த்தால் போதும்.

கரி எடுப்போர் கவனிக்க வேண்டியவை

மூட்டம் பிரித்ததும் மூட்டையில் அடைப்பது ஆபத்து. புதுக்கரி காற்றுப்பட்டுத் தானே தீப்பற்றக்கூடும். ஒரு பகலும் ஓர் இரவும் திறந்த வெளியில் பரப்பிவைத்த பின்னரே கட்ட வேண்டும். பெருங்கட்டி, நடுத்தரம், குறுணை, தூள் என்று சலித்துப் பிரித்தல் நலம். எடை கூட்டுவதற்காகத் தூளை மூட்டையின் அடியில் தள்ளுவோர் உண்டு. சுட்டமண் அடுப்பில் அத்தூள் காற்று வழியை அடைக்கும்; வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

எடுத்த கரியில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை தூளாகப் போய்விடுவதால், அதை அச்சுக்கரியாக்குவது வருமானம் தரும். மூட்டத்து மண் சேராத தூளாகச் சலித்தெடுத்து, 100 கிலோவுக்கு 5 கிலோ வீதம் மரவள்ளி மாவைக் கொதிநீரில் பசையாகக் காய்ச்சிக் கலக்க வேண்டும். கையில் பிடித்தால் உதிராத பதம் வந்ததும் அச்சிலிட்டு அழுத்தி, உள்ளும் உலரும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும். மலிவென்று களிமண்ணைப் பசையாகச் சேர்த்தால் அது அப்படியே சாம்பலாக மிஞ்சும். அத்தகைய கரியைத் திறந்த அடுப்புக்கென்று சொல்லியே விற்க வேண்டும்.

வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியவை

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது. மண் சுவர் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் நாற்றம் எளிதில் போகாது. காய்ந்த தேங்காய் மட்டை நாரே போதும். அனல் மிகுந்திருக்கும்போது மூடியைச் சட்டென்று திறந்தால் உட்புகும் காற்றில் தழல் முகத்தை நோக்கிப் பாயும். முதலில் விரற்கடை அளவு தூக்கிச் சற்றுப் பொறுத்துப் பின் திறக்க வேண்டும்.

எந்தக் கரியானாலும் அடைத்த அறைக்குள் எரிக்கக் கூடாது. புகை வராத கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கினால், தூக்கத்திலேயே உயிர் போகும். மீந்த கரியிலும் கனல் மறைந்திருக்கும். அடுப்பு முற்றிலும் ஆறும்வரை அதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.