வேலி போட வேண்டியவர் யார்?

ஒருவருடைய மாடு மற்றொருவருடைய வயலில் புகுந்து பயிரை மேய்ந்துவிடுகிறது. குற்றம் யாருடையது? மாட்டைக் கட்டிவைக்காதவருடையதா? வயலுக்கு வேலி போடாதவருடையதா? கேள்வி எளியது, ஆனால் நாட்டுக்கு நாடு விடை வேறுபடுகிறது. அதன் காரணத்தை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி, மாட்டைத் தன் எல்லைக்குள் வைத்திருப்பது மாட்டுக்காரரின் கடமை. மாடு எல்லை தாண்டினால் நட்டத்திற்கு அவரே பொறுப்பு. நெருக்கமாகப் பயிர் செய்யும் நாட்டுக்கு இது பொருந்தும். அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளிலோ நிலைமை வேறு. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல். ஆங்காங்கே சிறு வயல்கள். வேலிக்கு மரமும் அரிது. ஆயிரக்கணக்கான மாடுகளை அடைப்பதைவிடச் சில வயல்களை அடைப்பது செலவு குறைவன்றோ? ஆகவே அப்பகுதியில் பல மாநிலங்கள் உழவரே வேலி போடவேண்டும் என்று விதித்தன. சட்டம் கூறியபடி வேலி இல்லாதவர் நட்டஈடு கேட்க இயலாது. ஆக, சட்டம் வேலிச் செலவை யார் தலையில் சுமத்துகிறது என்பதே இங்கு நாம் காணவேண்டிய செய்தி.

1874-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து உழவர் ஜோசப் கிளிடன் தாம் அமைத்த முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். வேலி மலிவாயிற்று. உழவர்கள் வயல்களைக் காத்தனர். பெரும் பண்ணையாளர் சிலரோ அரசுக்குரிய புல்வெளிகளையே வளைத்துக்கொண்டனர். 1885-இல் அதனைத் தடைசெய்து சட்டம் வந்தது. ஆயினும் வேலியை அகற்றினால் மட்டும் புல் பிழைத்துவிடுமா? எல்லோருக்கும் திறந்த நிலத்தில் ஒவ்வொருவரும் இயன்றமட்டும் மாடுகளை விட்டனர். 1886-இல் மழை பொய்த்தது. மேய்ந்து தேய்ந்த நிலத்தின்மேல் கடும் பனிக்காலமும் வந்தது. மாடுகள் லட்சக்கணக்கில் மடிந்தன. பல ஆண்டுகள் கழித்து, 1934-இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் பிறந்தது. அரசு நிலம் மேய்ச்சல் வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. இத்தனை கால்நடை, இன்ன பருவம், இவ்வளவு கட்டணம் என்று வரையறுத்து உரிமம் வழங்கும் முறை ஏற்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் 1871-ஆம் ஆண்டில் கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றப்பட்டது. பயிரை அழிக்கும் மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்திற்குள் பட்டிக்கு அனுப்பும் உரிமையை அது உழவருக்கு அளித்தது. நம் ஊர்களில் ‘பவுண்டு’ என்று வழங்குவது இதுவே. தண்டமும் தீனிச் செலவும் கட்டினால் மாடு மீளும். 7 நாட்களில் உரியவர் வராவிடில் காவல் நிலையத்திற்குத் தெரிவித்து, அறிவிப்புச் செய்து, பின்னர் ஏலம் விடலாம். உழவர் வேலி போட்டிருந்தாரா என்று இச்சட்டம் கேட்கவில்லை. சுமை முழுவதும் மாட்டுக்காரர்மீது விழுந்தது.

பயிரைக் காக்க இது வேண்டியதே. ஆனால் நிலமற்ற ஏழை தன் ஒற்றைப் பசுவை எங்கே மேய்ப்பார்? மேய்ச்சல் புறம்போக்கு இருந்தவரை இக்கேள்விக்கு விடை இருந்தது. அது பட்டாவாகவும் கட்டிடமாகவும் ஆக்கிரமிப்பாகவும் சுருங்கச் சுருங்க, பசு வயலைத்தான் நாடும். மேய இடமில்லாத ஊரில் தண்டம் விதிப்பது பசிக்குத் தண்டம் விதிப்பதாகும். பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்த வழக்கில், 2011-இல் உச்சநீதிமன்றம் கிராமப் பொதுநிலங்களை மீட்டு மக்களின் பொதுப் பயனுக்கு ஒப்படைக்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளுக்கும் ஆணையிட்டது.

மீட்டால் மட்டும் போதாது. எத்தனை மாடு, எந்தப் பருவம், எந்தப் பகுதிக்கு ஓய்வு என்று ஊரார் கூடி வரையறுத்தாலன்றி, மீட்ட நிலமும் கட்டாந்தரையாகும். அமெரிக்கப் புல்வெளி கற்பித்த பாடம் இதுவே.

விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, கணக்கில் மேய்ச்சல் நிலம் எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். பிறகு நேரில் நடந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் ஊர் மாடுகள் வேலி தாண்டும் காரணத்தைச் சொல்லிவிடும்.