கூண்டு பந்தமா, புகலிடமா? இல்லத்து நாயைக் கூண்டில் பழக்கும் முறை



சீவக சிந்தாமணியைப் பயின்றோர் சுதஞ்சணனை மறந்திருக்க மாட்டார்கள். உணவில் வாய்வைத்ததற்காக அடியுண்டு, உயிர் பிரியும் நிலையில் கிடந்த ஒரு நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அந்நாயின் உயிரே சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, செய்ந்நன்றி மறவாது சீவகனுக்குத் துணை நின்றது. நாயை இழிந்ததென ஒதுக்காமல், நற்கதி அடையத்தக்க உயிராக மதித்த நம் முன்னோரின் நோக்கு இக்கதையில் விளங்குகின்றது. ஐம்பொறிகளோடு மனமும் பெற்ற சைனி பஞ்சேந்திரிய உயிர் அது. அன்பை அறியும், அச்சத்தை அறியும், ஒருமுறை பட்ட துன்பத்தை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

இப்போது நம்மவர் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புகின்றனர். ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிச் சிற்றூர்களில் வாழ்ந்த காலத்தில், நாய் திண்ணையிலும் தெருவிலும் தன் விருப்பம்போல் படுத்துக் கிடந்தது. திருவண்ணாமலை நகருக்குக் குடிபெயர்ந்து இரண்டு அறை வீட்டில் வாழும் நிலையில், வாயிலைத் திறந்தால் பேருந்தும் ஆட்டோவும் விரையும் சாலை. ஆகவே பலரும் நாய்க்குக் கம்பிக் கூண்டு வாங்குகின்றனர். உயிரைக் கூண்டில் அடைப்பது அகிம்சா அணுவிரதத்திற்கு மாறாகாதா? இவ்வையத்தைத் தள்ளிவிடலாகாது. நூல் வழியாகவும் அனுபவ வழியாகவும் இதனை ஆராய்வோம்.

1. பந்தம் என்பது யாது?

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சா அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவற்றுள் முதலாவதாகிய கட்டுதலே பந்தம். ஓர் உயிர் தான் விரும்பும் இடத்திற்குச் செல்லவிடாது தடுப்பதற்குக் காரணமாவது பந்தம் என்பது உரையாசிரியர் பூஜ்யபாதர் தரும் விளக்கத்தின் கருத்து.

இவ்விளக்கத்தை ஊன்றி நோக்குக. கம்பியோ கயிறோ இங்கே அளவுகோல் அன்று. அவ்வுயிரின் விருப்பமே அளவுகோல். அஞ்சி அலறும் நாயை உள்ளே தள்ளித் தாழிட்டால் அது பந்தம். கதவு திறந்திருக்கும்போதே தானாக உள்ளே சென்று, நீட்டிப் படுத்து, கண்ணயரும் நாய்க்கு அதே கூண்டு புகலிடம். ஒரே பொருள் இவ்விரண்டுமாக முடியும். எதுவாக முடியும் என்பதை நாம் பழக்கும் முறையே தீர்மானிக்கின்றது.

நாட்டின் சட்டமும் இதனைக் கருதியுள்ளது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து செய்த முயற்சியின் பயனாக உருவான 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அசைந்து திரும்ப இடமற்ற கூண்டில் விலங்கை அடைப்பதையும், நியாயமற்ற நேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் அளிக்கத் தவறுவதையும் குற்றமாக்கியுள்ளது.

2. நாம் செய்த பிழை

இப்பாடத்தை நாம் நூலில் மட்டும் கற்கவில்லை. 2022ஆம் ஆண்டு, கிரிவலப் பாதையில் தாயை இழந்து நின்ற ஒரு குட்டியை இல்லத்திற்குக் கொணர்ந்தோம். அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று தீபாவளி. மகாவீரர் நிர்வாணம் எய்திய திருநாள் என்று நாம் விளக்கேற்றி வழிபடும் நாள் அது. மாலையில் தெருவெங்கும் வெடியோசை எழுந்ததும் குட்டி நடுங்கி ஓடத் தொடங்கியது. அதன் நன்மை கருதியே, முன்பின் பழக்கமில்லாத கூண்டில் அதனைத் தள்ளித் தாழிட்டு வழிபாட்டில் அமர்ந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது கம்பியைக் கடித்து ஈறு கிழிந்திருந்தது. கால் நகம் ஒன்று பெயர்ந்து குருதி கசிந்தது. அகிம்சையின் தலைவரை வழிபட்ட அவ்வேளையிலேயே, நம் வீட்டின் பின்னறையில் ஓர் அதிசாரம் நிகழ்ந்துவிட்டது. எண்ணம் நல்லதாயினும் கவனமின்மையால் இம்சை நேரும் என்பதை அன்று உணர்ந்தோம்.

அவ்வாண்டு கார்த்திகை மகாதீபம் டிசம்பர் 6 அன்று. இடையில் ஆறு வாரங்கள் இருந்தன. அக்காலத்தில் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி தொடக்கத்திலிருந்து பழக்கினோம். அம்முறையையே இங்குத் தருகின்றோம்.

3. கூண்டும் அதன் இடமும்

நாய் தலை தாழ்த்தாமல் நிற்கவும், தடையின்றித் திரும்பவும், கால்களை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். வளரும் குட்டியாயின் வளர்ந்தபின் ஆகும் அளவிற்கு வாங்கி, நடுவில் ஒரு தடுப்பு வைத்து, வளர வளர நகர்த்துக. குட்டிக்கு இடம் மிகப் பெரிதாயின் ஒரு மூலையில் படுத்து மறுமூலையில் சிறுநீர் கழிக்கும். படுக்கும் இடத்தை அழுக்காக்க விரும்பாமை நாயின் இயல்பு. அவ்வியல்பே தூய்மைப் பழக்கத்திற்கு அடிப்படை.

வெல்டிங் பட்டறையில் செய்விப்போர், கம்பிகளின் இடைவெளியில் தலையோ தாடையோ சிக்காதவாறும், முனைகள் அராவப்பட்டும் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். அடித்தளம் வெறும் கம்பியாக இருத்தல் கூடாது. பலகையிட்டு அதன்மேல் பருத்தித் துணியோ பழம்பாயோ விரிக்க. உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுக. அது கம்பியில் மாட்டி உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

வெப்பம் நம் ஊரில் தனிக் கவனத்திற்குரியது. நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கின்றது. ஆதலின் மொட்டை மாடி, தகரக் கூரையின் கீழ், மேற்கு வெயில் படும் சுவரோரம் ஆகியவை ஆகா. குடும்பத்தினர் புழங்கும் அறையில், காற்றோட்டமும் நிழலும் உள்ள மூலையே தகுந்த இடம். கூண்டைத் துணியால் மூடுவதாயின் மெல்லிய பருத்தித் துணி போதும். முன்புறம் திறந்தே இருக்க வேண்டும்.

4. பழக்கும் படிகள்

முதற்படி: கதவைத் திறந்த நிலையிலேயே கட்டிவைக்கவும், அசைந்து நாயின்மேல் மோதாதவாறு. உள்ளே சில பொரியையோ சப்பாத்தித் துண்டையோ இட்டுவிட்டு நாம் விலகிவிட வேண்டும். நாய் தலையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடினாலும் சரியே. கையால் தள்ளுவதோ இழுப்பதோ கூடாது. உண்பொருள் தேர்விலும் கவனம் தேவை: திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும்.

இரண்டாம் படி: தயக்கம் நீங்கியபின் வழக்கமான உணவுத் தட்டைக் கூண்டின் வாயிலில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக உட்புறம் நகர்த்துக. நம் இல்லங்களில் கதிரவன் மறையுமுன் அடுக்களை வேலை முடிந்துவிடும். நாய்க்கும் அவ்வேளையிலேயே உணவிட்டால், இருட்டுமுன் வெளியே அழைத்துச் சென்றுவர நேரம் கிட்டும்; இரவில் அது அமைதியாக உறங்கும்.

மூன்றாம் படி: உண்ணும்போது கதவை மெல்லச் சாத்தி, உண்டு முடிக்குமுன் திறந்துவிடுக. அடுத்தடுத்த நாள்களில் அரை நிமிடம், ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என நீட்டிக்கலாம். அதுவரை நாம் அருகிலேயே அமர்ந்திருத்தல் வேண்டும்.

நான்காம் படி: அமைதியாகப் பத்து நிமிடம் இருக்கப் பழகியபின், அறையைவிட்டு ஓரிரு நிமிடம் வெளியே சென்று திரும்புக. போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் வேண்டா. பின்னர் அரைமணி, ஒரு மணி எனக் காலத்தைக் கூட்டலாம்.

எப்படியிலேனும் நாய் நடுங்கினால், எச்சில் வடித்தால், கதவைப் பிறாண்டினால், அதனைப் பிடிவாதம் என்று கருதாதீர்கள். நாம் விரைந்துவிட்டோம் என்பதே பொருள். உடனே திறந்துவிட்டு, மறுநாள் முந்தைய படிக்குத் திரும்புக. சில நாய்கள் ஒரு வாரத்தில் பழகும்; சிலவற்றிற்கு இரண்டு மாதங்களும் ஆகும்.

இரவில் குட்டி முனகினால் பெரும்பாலும் சிறுநீர் கழிக்கவே அழைக்கின்றது. விளையாட்டின்றி வெளியே அழைத்துச் சென்று, மீண்டும் கொணர்ந்து விடுக. இரவில் கழியும் என்று அஞ்சி மாலையிலிருந்தே நீரை நிறுத்திவைப்போர் உளர். இது மேற்சொன்ன ஐந்தாம் அதிசாரமே. கூண்டின் கம்பியில் மாட்டிய சிறு கிண்ணத்தில் நீர் எப்போதும் இருக்கட்டும்.

குற்றம் செய்த நாயைத் தண்டனையாகக் கூண்டில் அடைப்பது அறவே கூடாது. அன்றோடு அது சிறையாகிவிடும். பல வாரங்களின் உழைப்பு ஒரு நாளில் வீணாகும். கூண்டினுள் ஓய்வெடுக்கும் நாயைச் சிறுவர் சீண்டவோ, உள்ளே கைவிட்டு இழுக்கவோ இடந்தரலாகாது.

5. கால அளவு

குட்டியின் வயதை மாதக் கணக்கில் கொண்டு, ஒன்றைக் கூட்டினால் அது சிறுநீரை அடக்கக்கூடிய மணிக்கணக்கு ஏறத்தாழக் கிடைக்கும். மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி. இது மேலெல்லையே, பகலில் இதனினும் குறைவே நன்று. வளர்ந்த நாயையும் பகலில் தொடர்ந்து நான்கைந்து மணிக்குமேல் அடைத்து வைக்கலாகாது. காலையும் மாலையும் நடை, விளையாட்டு, குடும்பத்தாரோடு இருத்தல் ஆகியவை அமைந்த பின்னரே கூண்டு. காலை அலுவலகம் சென்று மாலை திரும்புவோர், கூண்டை நம்பி நாய் வளர்க்க முற்படாமல், நண்பகலில் வந்து பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது ஓர் அறையையே பாதுகாப்பாக ஒழித்துத் தர வேண்டும்.

6. வெடி நாள்களில்

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணரும். நாயின் செவி 45,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். நமக்கு எரிச்சலூட்டும் ஓசை அதற்குப் பேரச்சம். 2018 முதல் தமிழக அரசு தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் வெடி நேரமாக வகுத்தது. எனினும் அவ்வெல்லைக்குள் ஓசை அடங்குவதில்லை. மாலை 5 மணிக்குள் நடையும் உணவும் முடித்து, உள்ளறையில் கூண்டை வைத்து, சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் மெல்லிசையையும் இயக்குக. கூண்டின் கதவு திறந்தே இருக்கட்டும். அறைக்கதவும் தெருக்கதவும் மூடியிருந்தால் போதும். வீட்டார் ஒருவர் உடனிருத்தல் நலம்.

மகாதீப நாளில் மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் தீபம் ஏற்றப்பட்டதும் நகரெங்கும் வெடியும் வாணமும் எழும். பல இலட்சம் பேர் கூடும் அந்நாளில் மிரண்டு வெளியேறும் நாயைத் திரும்பக் காண்பது அரிது. நம் குட்டி அன்று முதல் வெடியோசை கேட்டதும் அடுக்களையிலிருந்து எழுந்தது. யாரும் அழைக்கவில்லை. தானே கூண்டினுள் சென்று, பழம்பாயில் சுருண்டு, முகத்தை வாலில் புதைத்துக்கொண்டது. சிறிது நடுங்கிற்று, ஆயினும் வெளியே ஓடவில்லை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவும் இல்லை. கதவு இரவு முழுதும் திறந்தே இருந்தது.

7. கூண்டு ஆகாத நாய்கள்

எல்லா நாய்களுக்கும் கூண்டு பொருந்தாது. நெடுங்காலம் சங்கிலியில் கிடந்தவை, முன்பு அடைபட்டுத் துன்புற்றவை, தனிமையைச் சிறிதும் தாங்காதவை ஆகியன எத்துணைப் பொறுமையாகப் பழக்கினும் உள்ளே இருக்கமாட்டா. அவற்றை வற்புறுத்தாது, கால்நடை மருத்துவரை நாடுக. கட்டிலின் அடியில் ஒரு துணி விரித்த மூலையும் அவற்றிற்குப் போதிய புகலிடமாகும். நோயுற்றும் கழிச்சல் கண்டும் இருக்கும் நாயையும் அடைக்கலாகாது.

நாம் வாழும் திருவண்ணாமலை இவ்வகையில் ஒரு நற்சான்று உடையது. இரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசு, ஒரு மான், ஒரு காகம், ஜாக்கி என்னும் நாய் ஆகியவற்றின் சமாதிகள் உள்ளன. அங்கு வாழ்ந்த விலங்குகளை இரமணர் ‘அது’ என்னாமல் ‘அவன்’, ‘அவள்’ என்றே குறிப்பிட்டார் என்பர். சமயம் வேறாயினும் இந்நோக்கு நமக்கு அயலானதன்று.

ஆகவே, கூண்டு வாங்கலாமா என்று வினவும் அன்பர்க்கு நாம் கூறும் விடை இது. வாங்குங்கள், ஆனால் தாழ்ப்பாளை நம்பி வாங்காதீர்கள். வாங்கிய முதல் ஒரு வாரம் அத்தாழ்ப்பாளைத் தொடவே வேண்டா. நாய் தானாக உள்ளே சென்று படுக்கும் நாளில் அக்கூண்டு புகலிடமாகும். அந்நாள் வரும்வரை காத்திருக்கும் பொறுமையே இங்கு நாம் காக்கும் அணுவிரதம்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!