குரங்கினம் காணச் செல்வோம்: ஒரு பயணத் திட்டம்

முன்னுரை

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது முன்னோர் வாக்கு. இஃது ஆற்றுக்கு மட்டுமன்று, காட்டுக்கும் பொருந்தும். சொந்தக் காரில் சென்று, கூடாரமடித்துத் தங்கி, யானையையும் சிங்கத்தையும் மனிதக் குரங்குகளையும் காணும் ஆப்பிரிக்கப் பயணங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? மேடவாக்கத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு அத்தகைய பயணம் இயலுமா? இயலுமெனில் எப்படித் திட்டமிடுவது? புவியியல் பாட வேளையில் எழுந்த இக்கேள்விக்குப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் தேடிய விடையே இக்கட்டுரை.

ஆப்பிரிக்காவில் உள்ள முறை

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா 1926-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அங்கே பயணிகள் தாமே காரோட்டிச் செல்லலாம். நம் நாட்டைப் போலவே அங்கும் சாலையின் இடப்புறம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் தார்ச் சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. குறிப்பிட்ட இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கலாகாது. வேலியிட்ட முகாம்களில் மட்டுமே கூடாரம் அடிக்கலாம். மாலையில் வாயிற்கதவு சாத்துமுன் முகாமுக்குள் வந்துவிட வேண்டும்.

உகாண்டா, ருவாண்டா நாடுகளின் மலைக்காடுகளில் கொரில்லாக்களைக் காண்பதற்கு விதிகள் இன்னும் கடுமையானவை. ஒரு கொரில்லாக் குடும்பத்தைக் காண ஒரு நாளைக்கு 8 பேர்தான் செல்லலாம். அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே. சளியோ இருமலோ உள்ளவருக்கு அனுமதியில்லை. 15 வயது நிரம்பாதோருக்கும் இடமில்லை. வெளிநாட்டினருக்கான அனுமதிக் கட்டணம் உகாண்டாவில் 2024 முதல் 800 டாலர். ருவாண்டாவில் 2017 முதல் 1,500 டாலர். செல்லுமுன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். அதற்கு நம் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் இருக்கிறது. வயதுத் தடையை நாங்கள் இவ்வாண்டு தாண்டிவிட்டோம். பணத் தடையைத்தான் தாண்ட முடியவில்லை!

விதிகள் எதற்காக?

1960-ஆம் ஆண்டு ஜேன் குடால் என்னும் 26 வயது ஆங்கிலப் பெண், சிம்பன்சிக் குரங்குகளை ஆராயத் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குச் சென்றார். இளம்பெண்ணைத் தனியே அனுப்ப அதிகாரிகள் இசையாததால், அவருடைய தாயாரும் உடன் சென்று கூடாரத்தில் தங்கினார். (எங்கள் அன்னையரின் கவனத்திற்கு!) சிம்பன்சிகள் அருகில் வருவதற்காகக் குடால் வாழைப்பழம் வைத்துப் பழக்கினார். பழத்திற்காகக் குரங்குகளிடையே சண்டை மிகுந்தது. காட்டில் தனித்தனியே திரிந்தவை ஒரே இடத்தில் கூட்டமாகக் கூடின. இதைக் கண்ட குடால் பழம் வைப்பதை வெகுவாகக் குறைத்தார். 1966-இல் இளம்பிள்ளை வாதம் போன்ற நோய் அங்கே பரவி, சில சிம்பன்சிகள் மாண்டன, சில முடமாயின. குரங்கினம் உடலமைப்பில் நம்மை நெருங்கியது. ஆகவே நம் நோயும் அதற்குத் தொற்றும். 2025-இல் மறைந்த அப்பெருமாட்டியின் வாழ்விலிருந்து நாம் கற்கும் பாடம் இது: அன்போடு நீட்டிய கையும் காட்டுக்குத் தீங்கு செய்யலாம்.

நம் தமிழகத்தில்

ஆப்பிரிக்கா எட்டாவிட்டால் என்ன? நாட்டுக் குரங்கு, சாம்பல் மந்தி, கருங்குரங்கு, சிங்கவால் குரங்கு, தேவாங்கு ஆகிய ஐந்து குரங்கினங்கள் நம் மாநிலத்திலேயே வாழ்கின்றன. இவற்றுள் சிங்கவால் குரங்கு உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இயற்கையாக இல்லை. காடுகளில் எஞ்சியிருப்பவை 4,000-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. வெடிப்பலா மரத்தின் பூவும் விதையும் இதன் முக்கிய உணவு. மரத்துக்கு மரம் தாவி வாழும் இது, காடு துண்டுபட்டால் தவித்துப் போகும்.

கேரளத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்ட முற்பட்டபோது, ஆசிரியர்களும் அறிவியலாரும் கவிஞர்களும் கூடி எதிர்த்தனர். அவர்கள் போராட்டத்தின் சின்னமாக விளங்கியது இக்குரங்கே. 1983-இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று.

எங்கள் பயணத் திட்டம்

முதற்படி, வண்டலூர். 1855-இல் சென்னையில் தோன்றி 1985-இல் வண்டலூருக்கு மாறிய உயிரியல் பூங்கா நமக்கு அண்மையில் இருப்பது நற்பேறு. சிங்கவால் குரங்கையும் கருங்குரங்கையும் பலர் ஒன்றென எண்ணி மயங்குவர். முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் நிறப் பிடரியும், வால் நுனியில் குஞ்சமும் உடையது சிங்கவால் குரங்கு. உடல் கறுத்துத் தலைமயிர் மட்டும் பழுப்பாக இருப்பது கருங்குரங்கு. ஒரு குறிப்பேட்டுடன் ஒரே கூண்டின் முன் ஒரு மணி நேரம் பேசாமல் நிற்பதே காட்டுக்குச் செல்லுமுன் செய்ய வேண்டிய பயிற்சி.

இரண்டாம் படி, ஆனைமலை. காலம்: கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குப் பின் வரும் அரையாண்டு விடுமுறை. சூன் முதல் தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்க்கும்.

முதல் நாள்: விடியற்காலையில் புறப்பட்டு, செங்கல்பட்டு, திண்டிவனம், உளுந்தூர்ப்பேட்டை, சேலம் வழியாகப் பொள்ளாச்சி, 500 கி.மீ.க்கு மேல். இருட்டுமுன் சேர்ந்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: சேத்துமடைச் சோதனைச் சாவடி வழியாக டாப்ஸ்லிப். வெள்ளையர் காலத்தில் வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயர் இது. காட்டுக்குள் வனத்துறை வண்டியில் செல்லலாம்.

மூன்றாம் நாள்: ஆழியாறு கடந்து, 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை. வழியில் வரையாடு தென்படலாம். அதன்பின் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்கு.

நான்காம் நாள்: இல்லம் திரும்புதல்.

மொத்தம் உத்தேசமாக 1,300 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காருக்கு ஏறத்தாழ 87 லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஐவர் சென்றால் தலைக்குப் பதினேழரை லிட்டர்க் கணக்கு.

கூடாரம்? புலிகள் காப்பகத்தில் விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க இயலாது. வனத்துறை விடுதியில் முன்பதிவு செய்தே தங்க வேண்டும். தம்பிமார் அடம் பிடித்தால் மொட்டை மாடியில் அடித்துக் கொடுக்கலாம்.

திட்டத்திலிருந்து நீக்கியது

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியில் 2022-ஆம் ஆண்டு தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இதுவே முதலாவது. திரும்பும் வழியில் அங்கும் செல்லலாமென முதலில் எழுதியிருந்தோம். ஆனால் தேவாங்கு இரவில் நடமாடுவது. அதன் பெரிய கண்களுக்கு நம் விளக்கொளி வேதனை. மூட நம்பிக்கையால் பிடித்துத் துன்புறுத்தப்பட்ட உயிருக்கு நாமும் தொல்லை தர வேண்டுமா எனக் கலந்து பேசி, அதை நீக்கிவிட்டோம். காணாமல் விடுவதும் ஒரு வகைக் காவலே.

பையில் இருக்கக் கூடாதவை

பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றை எல்லோரும் சொல்வர்: தொலைநோக்கி, கம்பளிச் சட்டை, மருந்துப் பெட்டி, குடிநீர். நாங்கள் சொல்ல விரும்புவது வேறு. கைக்கெட்டும் இடத்தில் முறுக்கு, சிப்ஸ், வாழைப்பழம் வைக்கக் கூடாது. உணவெல்லாம் மூடியிட்ட தூக்கில், கார் டிக்கியில் இருக்கட்டும். சாலையோரக் குரங்குக்கு ஒருவர் பழம் வீசினால், அடுத்த நாளும் அது அங்கே காத்திருக்கும். அடுத்த வண்டியில் அடிபடும். வால்பாறையில் இவை கடப்பதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். மேலே பாலம் கட்டுவோர் ஒருபுறம். கீழே பழம் காட்டி இறக்குவோர் மறுபுறம். சிங்கவால் குரங்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டி ஈனுவது. ஒரு தாய் சாலையில் மாண்டால் அக்கூட்டத்திற்கு அது எளிதில் ஈடாகாத இழப்பு. அணைக்கட்டிலிருந்து தப்பிய இனம் ஒரு சிப்ஸ் பொட்டலத்தால் அழியலாமா?

முடிவுரை

குரங்கு கையில் பூமாலை என்று அதைப் பழிக்கிறோம். மனிதர் கையில் காடு என்ன ஆகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோரே, எங்களை அழைத்துச் செல்லுங்கள். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்; கண்ணாடியை ஏற்றி வையுங்கள். தோழியரே, கண்ணால் காண்போம், காதால் கேட்போம், கையை மடியில் வைத்துக்கொள்வோம். நமக்குப் பின் இப்பள்ளியில் பயிலப்போகும் தங்கையரும் அவற்றைக் காண வேண்டுமல்லவா?